ஒரு முழம் மிச்சம்

மலைகளுக்கு இன்னும் பெயர் வைத்திராத காலம் அது. எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்று கேட்காதீர்கள். எண்ணினவன் யாரும் இல்லை. அப்போது கரம்பை நாடு என்று ஒரு நாடு இருந்தது. ராஜா இருந்தார், கோட்டை இருந்தது, தண்ணீர்தான் குறைவு. ராஜாவை விடுங்கள். இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை.

அந்த நாட்டில் செங்கோடன் என்று ஒருவன். கிணறு வெட்டுகிறவன். அவன் பெண்டாட்டி பாவாயி. அவன் குழிக்குள் இறங்கி வெட்டுவான். அவள் மேலே நின்று மண்கூடையைக் கயிற்றில் இழுப்பாள். ஒரு கழுதை அந்த மண்ணைச் சுமந்துபோய்க் கொட்டும். ஆக மூன்று பேர். கழுதையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செங்கோடன் கடப்பாரை போடுவதில் ஒரு தாளம் உண்டு. இரண்டு குத்து, ஒரு மூச்சு. இரண்டு குத்து, ஒரு மூச்சு.

"அஞ்சு ஊரு ஆளுங்க ஒண்ணா வெட்டினாலும் உங்க குத்து எனக்குத் தெரியும் மாமா" என்பாள் பாவாயி.

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற? கூடையை இழு புள்ள" என்பான் அவன். அவ்வளவுதான் அவர்கள் கொஞ்சல்.

ஒரு நாள், ஆவணி மாசம், உச்சி வெயில். மொட்டைக் கரட்டின் உச்சியில் இருக்கும் சாம்பலான் கீழே இறங்கி வந்தான். அவன் மந்திரவாதி. தலை முதல் கால் வரை சாம்பல். பாவாயி வீட்டு வாசலில் வந்து நின்று, "தண்ணி" என்றான்.

ஒரு குடம் கொடுத்தாள். குடித்தான். இன்னொரு குடம் கொடுத்தாள். குடித்தான். மூன்றாவது குடத்தை வாங்கித் தன் காலில் கொட்டிக்கொண்டான். தண்ணீர் புழுதியில் ஓடியது.

"சாமி, குடிங்க, வேண்டாங்கல. கொட்டாதீங்க. இந்தத் தண்ணிக்கு எங்க வீட்டுக்காரர் நாப்பது நாள் வெட்டியிருக்காரு."

"ஒரு குடம் தண்ணிக்கா இத்தனை பேச்சு?"

"கொட்டினது நீங்கதானே. தோண்டி எடுத்துக் குடுத்துட்டுப் போங்க, நான் பேசாம இருக்கேன்."

பாவாயிக்கு வாய் கொஞ்சம் நீளம். சாம்பலானுக்குக் கோபம் அதைவிட நீளம்.

"தோண்டற வேலை உன் புருஷனுக்கு. தண்ணி மேல அத்தனை ஆசைன்னா தண்ணியாவே போ. மண்ணுக்குள்ள போ. ஏழு வருஷம் தவணை. ஏழாம் வருஷம் ஆவணி கடைசி நாள், பொழுது சாயறதுக்குள்ள அவன் உன்னை வெட்டி எடுத்தா நீ அவனுக்கு. இல்லன்னா நீ கடலுக்கு."

கமண்டலத்திலிருந்து ஒரு கை அள்ளித் தெளித்தான். செங்கோடன் அப்போதுதான் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனையில் திரும்பினான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாவாயி தண்ணீரானாள். தண்ணீரை மண் குடித்தது. வாசலில் இரண்டு மெட்டி மட்டும் கிடந்தது.

தெளித்த மந்திரத் தண்ணீரில் ஒரு சொட்டு கழுதை மேலும் பட்டது. அதற்குப் பேச்சு வந்தது. ஒரு சொட்டுத்தானே, அதனால் அரைப் பேச்சு. கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டால் வெறும் கழுதை.

செங்கோடன் அழவில்லை. மெட்டிகளை எடுத்து இடுப்பில் முடிந்தான். அவள் நின்ற இடத்திலேயே கடப்பாரையைப் போட்டான்.

இரண்டு குத்து, ஒரு மூச்சு.

செம்மண் போனது. சரளை போனது. சுக்கான் பாறை போனது. கிணறு வெட்டுகிறவர்கள் இறங்க இறங்கப் பக்கச் சுவரில் காலை வைக்கக் குழி வெட்டிக்கொண்டே போவார்கள். திரும்பி ஏற அதுதான் படி. செங்கோடனும் வெட்டினான். ஐந்து ஆள் ஆழம் போனதும் ஒரு நாள் உள்ளங்கால் சில்லென்றது.

அது என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவனுக்குத் தெரியும். கீழே ஊற்று இருக்கிறது. இன்னும் ஒரு முழம்.

கடப்பாரையை ஓங்கினான். ஓங்கின கை அப்படியே நின்றது. உள்ளே ஒன்று கேட்டது: "அவ இல்லன்னா?"

வெட்டிப் பார்த்து, வருவது வெறும் தண்ணீராக இருந்தால்? அதற்கப்புறம் என்ன இருக்கிறது? வெட்டாத வரைக்கும் அவள் அங்கே இருக்கிறாள்.

கால் தானாகக் கால்குழியைத் தேடியது. விறுவிறுவென்று ஏறி மேலே வந்துவிட்டான்.

"மண்ணு நிறம் சரியில்ல. இங்க இல்ல, அடுத்த இடத்துல இருப்பா" என்று தனக்குத்தானே சொன்னான். கழுதையைக் கேட்டான்: "அடுத்த இடத்துல இருப்பாளா?"

"இருப்பா" என்றது கழுதை.

அடுத்த இடம் ஊருக்கு வெளியே, வேப்பமரத்தடி. இரண்டு குத்து, ஒரு மூச்சு. ஐந்து ஆள் ஆழம். உள்ளங்கால் சில்லென்றது. "அவ இல்லன்னா?" ஏறினான்.

"வேரு குறுக்க வருது. இங்க இல்ல, அடுத்த இடத்துல இருப்பா. இருப்பாளா?"

"இருப்பா."

மூன்றாவது இடம் கரட்டுச் சரிவு. இரண்டு குத்து, ஒரு மூச்சு. சில்லென்றது. ஏறினான்.

"கௌளி சத்தம் போட்டுச்சு, சகுனம் சரியில்ல. அடுத்த இடத்துல இருப்பாளா?"

"இருப்பா."

இப்படியே ஏழு வருஷம் போனது. எழுபத்தேழு குழி. ஒவ்வொன்றிலும் ஒரு முழம் மிச்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம், அதுவும் நல்ல காரணம். வெட்ட வெட்ட வெட்டுவதில் கை தேர்ந்தது. காரணம் சொல்வதில் வாய் அதைவிடத் தேர்ந்தது. கரம்பை நாட்டில் அவனைப்போல் வேகமாகக் குழி வெட்ட ஆளில்லை என்று பெயர் வந்தது. கிணறு வெட்ட என்று யாரும் சொல்லவில்லை, கவனியுங்கள். "குழிக்காரரே, எங்க தோட்டத்துப் பக்கம் வந்துடாதீங்க, ஆடு விழுந்துடும்" என்று ஊருக்கு ஊர் கும்பிட்டு அனுப்பினார்கள்.

மத்தியானம் வேலையை நிறுத்தினால் சோறு ஒரு பக்கம் கிடக்கும். அவன் தரையில் படுத்துக் காதை மண்ணில் வைப்பான். சூடு காதைப் பொசுக்கும். எடுக்க மாட்டான். எங்கேயோ ரொம்ப ஆழத்தில் ஏதோ ஓடுகிற மாதிரி இருக்கும். அவன் ரத்தம் ஓடுகிற சத்தமாகவும் இருக்கலாம். இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். மெட்டிகள் இருக்கும். எழுந்துபோய் வெட்டுவான்.

தவணைக்கு மூன்று நாள்தான் பாக்கி. அப்போது அவனுக்குக் கோபம் வந்தது. ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கழுதையை இழுத்துக்கொண்டு மொட்டைக் கரட்டில் ஏறினான். சாம்பலான் ஒரு பாறைமேல் உட்கார்ந்து கால் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"வா குழிக்காரா. இன்னும் மூணு நாள்."

"நீ ஏமாத்தற. நான் எங்க வெட்டினாலும் அவளை வேற இடத்துக்கு நகர்த்தற."

"நானா?"

"எழுபத்தேழு இடம் வெட்டிட்டேன்."

சாம்பலான் சிரித்தான். சாம்பல் உதிர்ந்தது. "டேய், எனக்கு வேற வேலை இல்லையா? நான் அவ மேல பூட்டுப் போட்டேனா? இல்ல. காவல் வெச்சேனா? இல்ல. உன் கையைப் பிடிச்சு இழுத்தேனா? அதுவும் இல்ல. மொதல் குழியில ஒரு பாம்பையாவது விடலாம்னு வந்து எட்டிப் பார்த்தேன். நீயே ஏறி வந்துட்ட. சரி, இவனுக்கு நான் எதுக்குன்னு திரும்பிப் போயிட்டேன். ஏழு வருஷமா நல்லாத் தூங்கறேன். போ."

செங்கோடன் கழுதையை இழுத்துக்கொண்டு இறங்கினான். பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தான். ஏழு வருஷமாகக் கேட்காததை அன்றைக்குத்தான் கழுதையிடம் கேட்டான்.

"நான் ஏன் ஒவ்வொரு தடவையும் ஏறிட்டேன்?"

கழுதை காதை ஆட்டியது. "அப்பாடா, கேட்டுட்ட. அவ இருந்துட்டா எடுத்துக்குவ. இல்லன்னா என்ன பண்றதுன்னு உனக்குத் தெரியல. அதான் பார்க்காமயே ஏறிட்ட."

"அவ அங்க இருந்தாளா?"

"இருந்தா."

"எந்தக் குழியில?"

"எல்லாத்துலயும்."

செங்கோடன் கழுதைப் பக்கம் திரும்பினான்.

"உன் குத்து அவளுக்குத் தெரியும்ல. ரெண்டு குத்து, ஒரு மூச்சு. எங்க கேட்டாலும் மண்ணுக்குள்ளயே ஓடி வருவா. உன் காலுக்குக் கீழ வந்து நிப்பா. நீ ஏறிடுவ. அவ அங்கயே நிப்பா, நீ திரும்ப வருவன்னு. அப்புறம் வேற எங்கயோ குத்து கேக்கும். மறுபடி ஓடுவா."

"ஏன் சொல்லல நீ?"

"நீ கேட்டது 'அடுத்த இடத்துல இருப்பாளா'. இருப்பான்னேன். பொய்யா?"

அவன் எழுந்து ஓடினான். வழியில் இருந்த பழைய குழிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தான். எங்கும் காய்ந்த மண். அடியில் மட்டும், அவன் கால் வைத்து நின்ற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை. கோரைப்புல் நாலு தாள். எழுபத்தாறாவது குழியில் பச்சை. எழுபத்தைந்தாவதில் பச்சை. எழுபத்துநாலில் இறங்கியே பார்த்தான். புல்லில் கை வைத்தான். ஈரம் இல்லை. இருந்த ஈரம் போயிருந்தது. அதில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தான்.

இனி என்ன, தெரிந்துவிட்டது, வெட்டி எடுத்துவிடுவான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவனும் அப்படித்தான் நினைத்தான்.

மறுநாள் காலையில் அதே குழியில் கடப்பாரையோடு இறங்கினான். இரண்டு குத்து, ஒரு மூச்சு. சுற்றி உதிர்ந்து கிடந்த மண்ணை வாரிக் கூடையில் அனுப்பினான். வெயில் உச்சிக்கு வருவதற்குள் உள்ளங்கால் சில்லென்றது. வந்துவிட்டாள். இப்போது அவனுக்குத் தெரியும், அவள்தான். கடப்பாரையை ஓங்கினான்.

"கழுதை சொன்னது பொய்யா இருந்தா?"

கண்ணைத் திறந்து பார்த்தால் மேலே நிற்கிறான். எப்போது ஏறினான் என்றே தெரியவில்லை.

அன்று முழுக்க அந்தக் குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். தன்னைத் தானே திட்டினான். கேட்கச் சகிக்காத திட்டு. எழுத வேண்டாம். திட்டத் திட்ட இறங்கத் தோன்றவில்லை, உட்காரத்தான் தோன்றியது. பொழுது சாயும்போது கேட்டான்:

"தெரிஞ்ச பிறகும் ஏன் ஏறினேன்?"

"தெரிஞ்சது உனக்கு. உன் காலுக்குத் தெரியுமா?" என்றது கழுதை. "எழுபத்தேழு தடவை ஏறிப் பழகின கால். ஒரு தடவை சொன்னா கேக்குமா? என்னைப் பாரு. மண்ணு கொட்டற இடத்துக்கு நீ ஓட்டாமலே போறேன்."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"காலைத் திட்டாத. வழியை அடை."

மூன்றாம் நாள். ஆவணி கடைசி. விடியும்போதே செங்கோடன் தன் வீட்டு வாசலில் இருந்தான். முதல் குழி. அவள் கரைந்த இடம். ஏழு வருஷத்து மண் சரிந்து ஒரு ஆள் உயரத்துக்கு உள்ளே மூடிக் கிடந்தது. இறங்கி வெட்டினான். கூடை கூடையாகக் கழுதை இழுத்துக்கொண்டு போய்க் கொட்டியது. உச்சி வெயில் போனது. நிழல் நீண்டது. குழிக்குள் வெளிச்சம் ஒரு பக்கச் சுவரில் மட்டும் நின்றது. அது மேலே போகப் போகப் பொழுது போகிறது என்று அர்த்தம்.

உள்ளங்கால் சில்லென்றது.

செங்கோடன் கடப்பாரையை எடுக்கவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்தான். குனிந்து காலடியிலிருந்த ஈரக் களிமண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் பிசைந்தான். சுவரில் தான் வெட்டியிருந்த கால்குழிகளை ஒவ்வொன்றாக அடைத்தான். கை எட்டுகிற உயரம் வரைக்கும் அடைத்தான்.

"கயித்தையும் மேல இழுத்துக்கோ" என்று கத்தினான். கழுதை பல்லால் கவ்வி இழுத்துக்கொண்டது.

ஈரக் களிமண் ஒன்றும் இரும்புக் கதவு இல்லை. பிடுங்கினால் வரும். ஆனால் பிடுங்க நேரம் ஆகும். அந்த நேரம்தான் அவனுக்கு வேண்டியிருந்தது.

ஓங்கினான். "அவ இல்லன்னா?" கால் சுவரைத் தேடியது. குழி இல்லை. வழுக்கியது. கால் கீழே வந்தது.

ஒரு குத்து.

"வெறும் தண்ணி வந்துட்டா?" கால் தேடியது. வழுக்கியது. கீழே வந்தது.

இரண்டு குத்து. மூச்சு வரவில்லை. சுவரில் வெளிச்சம் ஒரு சாண் அகலம்தான் இருந்தது.

மூன்றாம் தடவை கால் தேடியது. கை களிமண்ணைப் பிடுங்கவே ஆரம்பித்துவிட்டது. பாதி பிடுங்கியபோது தன் கையைப் பார்த்தான். நிறுத்தினான். அண்ணாந்து கேட்டான்:

"ஏய். அவ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்?"

மேலே வட்டமாகத் தெரிந்த வானத்தில் கழுதைத் தலை நீண்டது.

"அழுவ. ஏழு வருஷமா அழாததையெல்லாம் சேர்த்து அழுவ. நான் கயித்தைப் போடுவேன். மேல வந்து கூழு குடிப்ப. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வெட்டு. வெளிச்சம் போகுது."

பயம் போய்விட்டது என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். போகவில்லை. கூடவே நின்றது. அதையும் வைத்துக்கொண்டே வெட்டினான். இரண்டு குத்து. ஒரு மூச்சு. இரண்டு குத்து. ஒரு மூச்சு. அரை முழம் போனது. முக்கால் முழம் போனது. வெளிச்சம் சுவரின் விளிம்பில் நூல் மாதிரி நின்றது.

கடப்பாரை முனை பொசுக்கென்று உள்ளே இறங்கியது.

தண்ணீர் வந்தது.

முதலில் ஒரு கை அளவு. அப்புறம் கணுக்கால். அப்புறம் முழங்கால். செங்கோடன் குனிந்து குனிந்து பார்த்தான். வெறும் தண்ணீர். அள்ளிப் பார்த்தான். விரலிடுக்கில் ஒழுகியது. இடுப்பு வரை வந்தது. முகம் இல்லை, கை இல்லை, குரல் இல்லை. வெறும் தண்ணீர்.

இல்லை.

அவனுக்கு அழுகை வந்தது. கழுதை சொன்னபடியே வந்தது. குழி அதிர அழுதான். ஏறவில்லை. ஏற நினைக்கவும் இல்லை. அவள் இருந்த மண்ணில் அவள் இல்லாத தண்ணீருக்குள் நின்று, "பாவாயி, எழுபத்தேழு தடவை வந்தியாமே. நான் நிக்கலையே புள்ள" என்று அழுதான். கண்ணீர் தண்ணீரில் விழுந்தது. மார்பு, கழுத்து, தலை. தண்ணீர் அவனைத் தூக்கியது. ஐந்து ஆள் ஆழத்திலிருந்து ஒரு கை தூக்குகிற மாதிரி மெதுவாக, பதமாகத் தூக்கிக்கொண்டு வந்தது. கால்குழி ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

குழி வாய்க்கு வந்தான். மேற்கே கடைசிச் சிவப்பு இருந்தது. அது தண்ணீரில் பட்டது. அவன் தோளுக்குக் கீழே இருந்த தண்ணீர் விரலானது. விரல் கையானது.

"அழுது முடிச்சீங்கன்னா கரையேறலாம் மாமா. தோள் வலிக்குது" என்றது ஒரு குரல்.

விளிம்பில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் கூந்தலில் கோரைப்புல் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அவன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தான். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தான். அவள் காலை நீட்டினாள். மெட்டி போட்டான். ஏழு வருஷம் நடந்த கால். விரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. மெட்டி தளர்ந்தது.

"கோபமா புள்ள?"

"இருக்கு. நாளைக்குச் சண்டை போட்டுக்கலாம்" என்றாள் பாவாயி. "ஆனா ஒண்ணு. நீங்க நிறுத்தலையே. எழுபத்தேழு குழியிலயும் ஏறினீங்க. ஏறின ஒவ்வொரு தடவையும் மறுபடி வெட்டினீங்களே. அந்தச் சத்தத்துலதான் நான் கடலுக்குப் போகாம இருந்தேன்."

செங்கோடன் கழுதையைப் பார்த்தான். "நீ சொன்னதுக்கெல்லாம் பதிலுக்கு நான் உனக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டான்.

கழுதை வாயைத் திறந்தது. வெறும் கத்தல்தான் வந்தது. மந்திரம் கலைந்தால் எல்லாம்தான் கலையும். செங்கோடன் அதன் காதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

பாவாயி சும்மா இருக்கவில்லை. மறுநாள் சண்டையை முடித்த கையோடு அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். எந்தக் குழிக்கு அடியில் எங்கே தான் நின்றாள் என்று அவளுக்கு அத்துப்படி. அவள் ஓடி வந்த வழியிலெல்லாம் ஊற்றுக்கண் திறந்திருந்தது. மிச்சமிருந்த ஒரு முழத்தைச் செங்கோடன் ஒவ்வொன்றாக வெட்டினான். ஒவ்வொன்றிலும் கால் கொஞ்சம் சுவரைத் தேடத்தான் செய்தது. முதல் பத்துக் குழிக்குக் களிமண் வைத்து அடைத்தான். அப்புறம் ஐந்துக்கு ஒன்று. அப்புறம் பாவாயி மேலே நின்று, "மாமா, கால்" என்று சொன்னால் போதும். கரம்பை நாட்டில் எழுபத்தேழு கிணறு ஆனது. ஊர்க்காரர்கள் அவனைக் குழிக்காரர் என்று கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ராஜா ஒரு சால்வை அனுப்பினார் என்று சொல்கிறார்கள். கழுதை அதைத் தின்றுவிட்டது என்றும் சொல்கிறார்கள்.

சாம்பலான்? அவன் விட்ட சாபம் உடைந்ததில் அவன் கமண்டலம் வற்றிப்போனது. மந்திரமும் போனது. ஒரு உச்சி வெயிலில் கரட்டை விட்டு இறங்கி, நாக்கு வறள, அதே வாசலுக்கு வந்து நின்றான்.

"தண்ணி" என்றான்.

பாவாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு குடம் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான். அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம் இருந்தது. அவன் அதைக் கொட்டவில்லை. குடத்தைக் கவனமாகக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

வாசலோரம் அந்த முதல் கிணற்றடியில் செங்கோடன் ஏதோ வெட்டிக்கொண்டிருந்தான். இரண்டு குத்து, ஒரு மூச்சு. பாவாயி கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள்.

கதை இவ்வளவுதான். உங்கள் ஒரு முழத்தை நீங்கள் போய் வெட்டுங்கள்.